ஈர்க்கும் செப்புக் கம்பியும்

கோயிலில் பொங்கல் வாங்கிய தொன்னையைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஈர்க்கை உருவினால் போதும், கிண்ணம் மறைந்துவிடும். கையில் மிஞ்சுவது தட்டையான ஓர் இலை. இரண்டு மடிப்பும் ஒரு துண்டு ஈர்க்கும் சேர்ந்துதான் அந்த இலையைச் சூடான பொங்கல் தாங்கும் பாத்திரமாக நிறுத்தி வைத்திருந்தன. அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினாறு அடி நீளத்தில் ஒரு மரக் கயாக் கட்டினேன். அங்கே நடந்ததும் இதேதான். இலைக்குப் பதில் 4 மி.மீ. ப்ளைவுட், ஈர்க்குக்குப் பதில் செப்புக் கம்பி.

கயாக் என்பது ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அகன்ற துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு. பெயரும் வடிவமும் ஆர்க்டிக் கரையோரத்து இனுயிட் மக்கள் தந்தவை. மரம் வளராத அந்த நிலத்தில், கடல் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டைகளையும் எலும்பையும் சட்டமாகக் கட்டி, சீல் என்னும் கடல்நாயின் தோலை அதன்மேல் தைத்துப் போர்த்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் தோலை விட்டு ரப்பர் பூசிய துணிக்கு மாறி, மடித்து எடுத்துச் செல்லும் கயாக்கைச் செய்தார்கள். அப்படி ஒன்றில் 1932-ல் உல்ம் நகரத்தில் டான்யூப் ஆற்றில் இறங்கினார் ஆஸ்கார் ஸ்பெக். பாரசீக வளைகுடா, இந்தியக் கடலோரம், கொழும்பு, கல்கத்தா, பர்மா என்று கரையைத் தொட்டுத் தொட்டே வலித்து, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வடக்கு எல்லையிலுள்ள சைபாய் தீவில் கரையேறினார். அங்கே போய் நின்றபோது உலகப் போர் தொடங்கியிருந்தது. ஜெர்மானியர் என்பதால் அவரைக் காவலில் வைத்தார்கள். ஏழு ஆண்டு கடலைத் தாங்கியவை தையல் போட்ட துணி உறைகள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

மரத்துக்கு வருவோம். ஒரு காகிதத்தைத் தண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஒட்டலாம். கடலைப் பொட்டலமாகச் சுருட்டலாம். அதே காகிதத்தைத் தேங்காய் மேல் ஒட்டப் பாருங்கள்; சுருக்கம் விழாமல் ஒட்டவே முடியாது. உருளையும் கூம்பும் தட்டையான தாளிலிருந்து வரும், உருண்டை வராது. ஏன் வராது என்பதை 1827-ல் காஸ் என்ற கணித மேதை நிறுவினார். மெல்லிய ப்ளைவுட்டும் தாளின் குணம் கொண்டதுதான். ஒரு நேரத்தில் ஒரு பக்கமாகத்தான் வளையும். ஆகவே ப்ளைவுட் படகின் உடம்பு முழுவதும் உருளை, கூம்பு இவற்றின் துண்டுகளாகவே இருக்க வேண்டும். அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் படகின் வடிவம் பிறக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டில் ஜாக்கெட் தைக்கும் அக்கா. மாடியில் துணி உலர்த்த வந்தவர், வெட்டி வைத்திருந்த நீளப் பலகைகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது ரெண்டும் ஜோடியா தம்பி?"

"பக்கத்துல இருக்கிறதும் இதுவும் சேரணும்க்கா."

"ஓரம் ரெண்டும் ஒரே வளைவா இல்லையே. இப்படித் தைச்சா துணி தூக்கிக்கும்."

"தூக்கிக்கணும்க்கா. அதுதான் வேணும்."

அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அப்ப இது டாட் பிடிக்கிற மாதிரி" என்றார். அவ்வளவுதான் விஷயம். வெவ்வேறு வளைவுள்ள இரண்டு ஓரங்களை இழுத்துச் சேர்த்தால் தட்டையான துண்டு வேறு வழியில்லாமல் குழிகிறது. தையல்காரர் உடம்புக்குத் துணியைக் குழிப்பதும், படகு கட்டுபவர் தண்ணீருக்குப் பலகையைக் குழிப்பதும் ஒரே வடிவியல்.

ப்ளைவுட் வாங்கும்போது எடையை முதலில் பார்க்க வேண்டும். நம் கடைகளில் மரைன் ப்ளைவுட் என்று கேட்டால் ஐஎஸ் 710 முத்திரை உள்ளதைக் காட்டுவார்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடாத ரகம் அது. பசை நல்லது, ஆனால் உள்ளிருக்கும் மரம் பெரும்பாலும் கனமானது. எட்டுக்கு நாலு அளவில் 4 மி.மீ. தாள் ஒன்றின் பருமன் கிட்டத்தட்ட 12 லிட்டர். கன மீட்டருக்கு 700 கிலோ உள்ள மரமாக இருந்தால் அந்தத் தாள் 8 கிலோவுக்கு மேல் போகும். வெளிநாடுகளில் கயாக்குக்குப் பயன்படுத்தும் ஒக்குமே மரமாக இருந்தால் 5 கிலோ சொச்சம்தான். மூன்று தாள் போட்டுக் கட்டும் படகில் இந்த வித்தியாசம் எட்டு ஒன்பது கிலோ. மூன்றாவது மாடியிலிருந்து படிக்கட்டில் படகை இறக்கும் நாளில் அந்தக் கணக்கைத் தோள் போட்டுக்கொள்ளும்.

எட்டடித் தாளில் பதினாறு அடிப் பலகை எப்படி வரும்? இரண்டு துண்டின் முனைகளையும் இழைப்புளியால் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைத்து ஒட்ட வேண்டும். 4 மி.மீ. தடிமனுக்கு 32 மி.மீ. சரிவு. முட்டுக்கு முட்டு ஒட்டினால் பசைக்குக் கிடைக்கும் இடம் 4 மி.மீ.; சரிவாக ஒட்டினால் எட்டு மடங்கு. பலகையை வளைக்கும்போது பசையைப் பிரிக்கப் பார்க்கும் விசை, அந்த அகலம் முழுக்கப் பரவிச் சறுக்கு விசையாக மாறிவிடுகிறது. நன்றாக ஒட்டிய இணைப்பை உடைத்துப் பார்த்தேன். முறிந்தது பக்கத்து மரம், இணைப்பு அப்படியே இருந்தது.

பிறகு தையல். ஓரத்திலிருந்து அரை விரல் தள்ளி, அரை அடிக்கு ஒரு துளை. ஒவ்வொரு ஜோடித் துளையிலும் செப்புக் கம்பியை நுழைத்து வெளியில் இரண்டு முறுக்கு. நூற்றைம்பதுக்கும் மேல் முடிச்சு. முதலில் பலகைகள் பாய் சுருட்டியதுபோல் தளர்ந்து கிடக்கும். குறடு வைத்து ஒரு பக்கம் நாலு, மறு பக்கம் நாலு என்று மாற்றி மாற்றி முறுக்க முறுக்க மரம் மெல்ல முனகும். ஒரு கட்டத்தில், எந்த முறுக்கில் என்று சொல்ல முடியாது, தரையில் கிடந்த பலகைக் கட்டு நிமிர்ந்து படகாகிவிடும். மூக்கு தெரியும், வயிறு தெரியும். அன்று இரவு நான் இரண்டு முறை மாடிக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

ப்ளைவுட்டைத் தைத்து ஒட்டும் இந்த முறையைச் சிறு படகுகளுக்கு உருவாக்கியவர் கென் லிட்டில்டைக் என்ற ஆங்கிலேயர். 1960-களின் தொடக்கத்தில் பேரி பக்னெல்லும் ஜாக் ஹோல்ட்டும் வடிவமைத்த மிரர் என்ற சிறு பாய்மரப் படகு அதை உலகெங்கும் கொண்டுபோனது. டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவோடு, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் பொட்டலமாக வந்த அந்தப் படகு எழுபதாயிரம் வரை கட்டப்பட்டது. செப்புக் கம்பித் தையலை நான் படித்ததும் அதன் வரைபடத்தில்தான். அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், இது நம் கடற்கரையில் பார்த்த வேலையாயிற்றே என்பது.

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் இருநூறு ஆண்டுக்கும் மேல் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். இடையில் அலை வரிசை வரிசையாக உடையும். ஐரோப்பியக் கப்பல்களின் ஆணி அடித்த கனத்த படகுகள் அந்த அலையில் தரை தட்டிப் பிளந்தன. ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. சுமார் முப்பது அடி நீளம், உயர்ந்த பக்கம், தட்டை அடி. உள்ளே விலா எலும்புபோல் சட்டம் கிடையாது. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பலகையும் பலகையும் சேரும் கோட்டில் வைக்கோலோ நாரோ திணித்து, அதன்மேல் தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கு மறுக்காகத் தைத்துவிடுவார்கள். கூடவே கட்டுமரத்தில் ஆட்கள் போவார்கள், படகு கவிழ்ந்தால் மனிதரைத் தூக்க. சென்னை ராஜதானியின் மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதிய ஆய்வில் இந்தக் கரையின் படகுகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

தைத்த படகு ஏன் பிழைத்தது? கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். பந்தின் உந்தம் எப்படியும் பூஜ்யமாகத்தான் வேண்டும். அது நொடியின் நூறில் ஒரு பங்கில் நடந்தால் கை வீங்கும். பத்தில் ஒரு பங்கில் நடந்தால் உறைக்காது. ஒரே உந்தம், நேரம் பத்து மடங்கு, விசை பத்தில் ஒன்று. மணலில் மோதும் மசூலா படகின் பலகைகள் தையலின் தளர்வுக்குள் ஒரு கணம் நெளிந்துகொள்கின்றன. மோதல் நீள்கிறது, உச்ச விசை குறைகிறது. ஆணிக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. வந்த விசை முழுவதும் ஆணியடித்த ஒரு புள்ளியில் குவிந்து, பலகை அங்கிருந்தே பிளக்கும். போதாததற்கு உப்பு நீரில் இரும்பு துருவாகும். தேங்காய் நாரில் லிக்னின் மிகுதி. உப்பு நீர் அதை எளிதில் அழிப்பதில்லை. ஆனாலும் நார் என்றைக்கும் நிலைக்காது, தையலை அவ்வப்போது பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படகுக்காரர் வாழ்க்கையில் அது வீட்டுக்கு ஓலை மாற்றுவதுபோல் ஒரு வேலை.

கட்டுமரத்தின் அறிவியல் வேறு. மலைவேம்பு போன்ற இலேசான மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய அது, மரமே தண்ணீரைவிட இலேசு என்பதால் மிதக்கிறது. அலை மேலேறினால் இடுக்கு வழியே வழிந்துவிடும். உள்ளே தண்ணீர் வருமே என்ற கவலை இல்லை, ஏனென்றால் அதற்கு உள்ளே என்று ஒன்று இல்லை. மசூலாவும் கயாக்கும் அப்படியல்ல, அவை காற்றை அடைத்து மிதப்பவை. அவற்றின் உயிர் தையல் கோட்டில் இருக்கிறது.

இந்தத் தையல் பழங்கதையாகிவிடவும் இல்லை. அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலைப் பார்த்து, கேரளத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் தேங்காய் நாரால் தைத்த ஐஎன்எஸ்வி கௌண்டின்யா என்ற கப்பல் 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதன் மாதிரி தண்ணீரில் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதித்தது நம் கிண்டியிலுள்ள ஐஐடி மெட்ராஸ் கடல்சார் பொறியியல் துறை. அம்பத்தூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறது அந்த இடம்.

என் படகின் தையல் அவ்வளவு நாள் வேலை செய்யத் தேவையில்லை. எப்பாக்ஸிப் பசை இறுகும்வரை பலகைகளைப் பிடித்துக்கொண்டால் போதும். எப்பாக்ஸி, ரெசின், ஹார்டனர் என்று இரண்டு திரவங்களாக வரும். ரெசினில் உள்ள மூலக்கூறின் முனைகளில் மூன்று அணுக்கள் கொண்ட இறுக்கமான வளையம் ஒன்று இருக்கிறது, முறுக்கி வைத்த வில்போல. ஹார்டனரில் உள்ள அமீன் அந்த வளையத்தைத் திறந்து தன்னோடு பிணைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வளையம் திறக்கும்போதும் கொஞ்சம் வெப்பம் வெளியேறும். எல்லா முனைகளும் நாலாபக்கமும் பிணைந்து வலையாகிவிட்டால், பிறகு சூடாக்கி உருக்க வழியில்லை.

அந்த வெப்பத்தை நான் முதலில் மதிக்கவில்லை. மே மாதம், மாடியில் நிழலிலேயே 38 டிகிரி. கடற்காற்று மெரினாவில் மதியமே வீசினாலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வந்து சேர நேரமாகும்; சில நாள் வரவே வராது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அரை லிட்டர் ரெசினை ஒரே பிளாஸ்டிக் குவளையில் கலந்தேன். ஏழெட்டு நிமிடத்தில் குவளை கையைச் சுட்டது. கீழே வைத்ததும் கலவை கெட்டியாகிப் புகைந்தது, குவளையின் அடி இளகி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காரணம் எளிது. வினை வெப்பத்தைத் தருகிறது. 10 டிகிரி கூடினால் வினை ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் எடுக்கிறது. வேகம் கூடினால் இன்னும் வெப்பம். குவளையின் நடுவிலுள்ள கலவைக்கு வெப்பத்தை வெளியேற்ற வழியில்லை. அதே அரை லிட்டரை அகலத் தட்டில் ஊற்றியிருந்தால் மேற்பரப்பு வழியாகச் சூடு ஆறியிருக்கும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆற வைப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு, நூறு மில்லியாகத் தட்டில் கலந்துதான் பூசினேன்.

மழைக்காலத்தில் தொல்லை வேறு மாதிரி. காற்றில் ஈரம் மிகுந்தால், இறுகாத அமீன் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல் ஒரு பிசுக்குப் படிய விடும். அதன்மேல் அடுத்த பூச்சு பிடிக்காது. வெந்நீர்த் துணியால் துடைத்து உப்புத்தாள் போட வேண்டும். ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் பூச்சு வேலையை முடித்துவிடுவது நல்லது.

மூலைகளை நிரப்ப, ரெசினில் மெல்லிய மரத்தூளைப் போட்டு வடை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, பலகை சேரும் உள்மூலை நெடுகக் கரண்டியின் பின்பக்கத்தால் இழுத்துவிட்டேன். கூர்மையான மூலை அப்போது வழவழப்பான வளைவாகிறது. மிக்சர் பாக்கெட்டைக் கையால் கிழிக்க முடியாதபோது ஓரத்திலுள்ள சின்ன வெட்டிலிருந்து கிழித்தால் சட்டென்று வருமே, விசை கூர்முனையில் குவிவதுதான் அதற்குக் காரணம். படகில் நமக்கு அது நேரக் கூடாது. வளைவு விசையைப் பரப்பிவிடும். மசூலா படகின் நார்த் தையல் செய்த வேலையை இங்கே மரத்தூள் மாவு எடுத்துக்கொள்கிறது. இறுகியதும் செப்புக் கம்பியை வெளியே நறுக்கி, மட்டமாகத் தேய்த்துவிட்டேன்.

வெளியே கண்ணாடி இழைத் துணி. உலர்ந்திருக்கும்போது வெள்ளை வெளேரென்று மரத்தை முழுக்க மறைத்தது. ரெசினைப் பூசப் பூச, பிரஷ் போன வழியெல்லாம் துணி மறைந்து மரத்தின் ரேகை எழுந்து வந்தது. நனைந்த வெள்ளை வேட்டி உடம்பைக் காட்டுவதும் இதனால்தான். இழைக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் வெவ்வேறு என்பதால் ஒளி ஒவ்வொரு இழையிலும் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. காற்றை விரட்டிவிட்டு ரெசின் உட்கார்ந்தால், அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடியோடு கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் ஒளிக்கு இழை இருப்பதே தெரிவதில்லை. எங்காவது வெண்புள்ளி மிஞ்சினால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள்.

முடிந்தபோது படகு 21 கிலோ. நான் 74. ஆக 95 கிலோ. படகு மிதக்க 95 லிட்டர் தண்ணீரை ஒதுக்கினால் போதும், அதாவது வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் கேனில் ஐந்துக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு நீளத்துக்கு அது பரவுவதால் படகின் அடி நாலைந்து அங்குலம்தான் அமிழ்கிறது.

கவிழாமல் இருப்பது தனிக் கதை. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைபோல் அடியில் கனம் இருப்பதால் நிமிர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கயாக்கில் கனமான பொருள் நாம்தான். நம் உடம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. நிமிர்த்துவது அதன் அகலம். படகு வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் கூடுதலாக நீரில் அமிழும். நீர் மேல்நோக்கித் தள்ளும் மையமும் வலப்பக்கம் நகரும். அது நம் எடை மையத்தைத் தாண்டிப் போனால் படகு திரும்பி நிமிரும், தாண்டாவிட்டால் கவிழும். எழுந்து நின்றால் எடை மையம் மேலேறி, கொஞ்சம் சாய்ந்ததுமே விளிம்புக்குப் போய்விடும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மிதவைச் சட்டை போடாதவரை நான் படகருகே விடுவதில்லை, அது முழங்கால் தண்ணீராக இருந்தாலும்.

வேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. படகு எழுப்பும் அலையின் நீளம் வேகத்தோடு கூடும். அலை படகின் நீளத்தை எட்டியதும், படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏறப் பார்க்கிறது. அதற்குமேல் எவ்வளவு வலித்தாலும் கைதான் களைக்கும். பத்தடிப் படகுக்கு அது மணிக்கு 8 கி.மீ.; பதினாறு அடிக்கு 10 கி.மீ. நீளமாகக் கட்டியதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கும் பருவம் உண்டு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே கொரட்டூர் ஏரிக்குப் போகும். மேற்குப் புறநகர் முழுக்க இப்படி ஏரிச் சங்கிலிதான். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தின் 24 அடி நிறைவதும், 3645 மில்லியன் கன அடி சேர்வதும் அப்போதுதான். ஆனால் அது குடிநீர் ஏரி. புழலும் பூண்டியும் அப்படியே. அவற்றில் படகோடு இறங்கக் கூடாது, இறங்கவும் மனம் வராது. ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் படகுச் சவாரி நடத்துகிறார்கள். தண்ணீரின்மேல் உட்கார்ந்து பழகக் குழந்தைகளை நான் அங்கேதான் அழைத்துப் போகிறேன். வீட்டுக் கழிவுநீர் கலக்கும் ஏரிகளின் கரையில் நிற்கும்போது வரும் வருத்தத்தை இங்கே எழுதி முடியாது.

தை பிறந்த இரண்டாவது ஞாயிறு, திருவள்ளூர் பக்கம் ஓர் ஊரில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு படகை ஏரியில் இறக்கினோம். மழை ஓய்ந்து கலங்கிய மண் படிந்துவிட்டது, காற்று எழ இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அல்லி இலைகளுக்கு நடுவே மூக்கு நுழைந்தபோது தண்டுகள் அடியில் உரசும் ஓசை பலகை வழியாகத் தொடையில் தெரிந்தது. பத்தடி தூரத்தில் ஒரு முக்குளிப்பான் மூழ்கி, வேறெங்கோ எழுந்தது. துடுப்பிலிருந்து சொட்டும் நீரைத் தவிர வேறு சத்தமில்லை. வெயில் ஏறியதும் பக்கவாட்டில் குனிந்து படகின் வெளிப்புறத்தைப் பார்த்தேன். தேய்ந்த செப்புமுனைகள் அரை அடிக்கு ஒன்றாக, ரெசினுக்கு அடியில் பொட்டு வைத்ததுபோல் மின்னிக்கொண்டு போயின.

கரைக்கு வந்து கவிழ்த்தபோது பின்பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடித் தண்ணீர் வழிந்தது. அக்காவும் வந்திருந்தார். விரலால் தையல் கோட்டைத் தடவிக்கொண்டே போய், ஒரு பொட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஊசி முனை அளவு துளை. "இங்க ஒரு தையல் விட்டுப்போச்சு தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து உலரவைத்து, இரண்டு ஸ்பூன் ரெசின் கலந்து அடைத்தேன். ஏரியில் தண்ணீர் இன்னும் மூன்று மாதம் நிற்கும்.